ஸதாதுஸ் ஸஹ்ம்: நேராகப் பறக்கும் அம்பின் வரலாறு

இகாமத் சொல்லப்பட்டதும் இமாம் மக்களை நோக்கித் திரும்பி, ஸஃப்பைச் சரிசெய்துகொள்ளுமாறு கூறுவதை நாள்தோறும் ஐவேளையும் கேட்கிறோம். அந்தச் சிறு கட்டளைக்குப் பின்னால் ஒரு கைவினைத் தொழிலின் நினைவு உறைந்திருப்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஸஹாபாப் பெருமக்களின் தொழுகை வரிசைகளை, அம்புத் தண்டுகளைச் சீராக்குவது போலச் சீராக்கி வந்தார்கள் என்றும், அதனைத் தாங்கள் நன்கு கற்றுக்கொண்டதை அறியும்வரை அவ்வாறு செய்தார்கள் என்றும் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. அதே நூலில் அலீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் மற்றொரு செய்தியும் உண்டு. அல்லாஹ்விடம் நேர்வழியையும் 'ஸதாத்' என்னும் செம்மையையும் கேட்குமாறு அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பெருமானார் (ஸல்) அவர்கள், நேர்வழியைக் கேட்கும்போது பாதையின் நேரையும், ஸதாத்தைக் கேட்கும்போது அம்பின் நேரையும் மனத்தில் நிறுத்துமாறு பணித்தார்கள்.

இந்த ஹதீஸை வகுப்பில் நடத்திய ஓர் ஆண்டில், மாணவர் ஒருவர் எழுந்து கேட்டார்: "உஸ்தாத், பாதை வளைந்தும் போகும், நேராகவும் போகும். அதனால் பாதையின் நேரை நினைப்பதில் பொருள் இருக்கிறது. அம்பு எப்போதும் நேராகத்தானே இருக்கிறது? அதன் நேரைத் தனியே நினைப்பதில் என்ன இருக்கிறது?" விரிவுரை நூல்களைக் கொண்டு அன்று ஒரு விடை சொன்னேன். ஆயினும் அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. கையில் இருக்கும் அம்பு நேராக இருப்பது வேறு. வில்லை விட்டு நீங்கிய அம்பு நேராகப் பறப்பது வேறு. முன்னது தச்சனின் வேலை. பின்னது பல பொருள்களின் இணக்கத்தால் பிறப்பது. இந்த வேறுபாட்டை அரபு மொழியும், இடைக்கால முஸ்லிம் வில்வித்தை நூல்களும், இன்றைய 'காம்பவுண்ட்' வில்லைச் சீரமைக்கும் முறையும் எவ்வாறு காட்டுகின்றன என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொற்களில் உறைந்த கலை

ஒரு சமுதாயம் எந்தக் கலையில் ஆழ்ந்திருந்தது என்பதை அதன் நூல்கள் சொல்வதற்கு முன்பே அதன் சொற்கள் சொல்லிவிடும். அரபு அகராதிகளைப் புரட்டினால் வில்லும் அம்பும் பற்றிய சொற்கள் பக்கம் பக்கமாக விரிகின்றன. அரபியரின் அம்பு 'நப்ல்', பாரசீகரின் அம்பு 'நுஷ்ஷாப்', பொதுப்பெயர் 'ஸஹ்ம்'. முனையும் இறகும் பொருத்தப்படாமல், செதுக்கிச் சீராக்கப்பட்ட வெறுந்தண்டுக்கு 'கித்ஹ்' என்று தனிப்பெயர். நுஃமான் (ரலி) அவர்களின் அறிவிப்பில் வருவது இதன் பன்மையான 'கிதாஹ்' என்பதே. செதுக்கப்படும் நிலையிலுள்ள அம்பு மரத்தையே இச்சொல் குறிக்கும் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் விளக்குகிறார்கள். பிறந்த நிலையில் எந்தக் கம்பும் நேரானதன்று. அதனைச் சூடாக்கி, வளைவுக்கு எதிர்ப்புறமாக அழுத்தி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, மீண்டும் அழுத்தித்தான் நேராக்க வேண்டும். ஈட்டித் தண்டுகளை இவ்வாறு நிமிர்த்தும் கருவிக்கு 'ஸிகாஃப்' என்று பெயர். பண்பாட்டைக் குறிக்க இன்று அரபுலகம் வழங்கும் 'ஸகாஃபா' என்னும் சொல்லும் இவ்வேரைச் சேர்ந்ததே.

வில்லின் உறுப்புகளுக்கு மனித உடலின் பெயர்களையே அரபியர் இட்டனர். மேல்முனை 'யத்', அதாவது கை. கீழ்முனை 'ரிஜ்ல்', அதாவது கால். நடுப்பகுதி 'கபித்', அதாவது ஈரல். வில்லைத் தன்னைப் போன்றதோர் உடலாகக் கண்டவர்களே அதற்கு இவ்வாறு பெயரிட்டிருக்க முடியும். கையும் காலும் ஒன்றுக்கொன்று இசையாவிட்டால் உடல் தள்ளாடுவது போல, வில்லின் இரு கரங்களும் இசையாவிட்டால் அம்பு தள்ளாடும்.

இவை அனைத்தினும் நுட்பமானது இறகு பற்றிய சொல்லாட்சி. பறவையின் சிறகிலிருந்து எடுக்கும் இறகுக்கு இயல்பான ஒரு வளைவு உண்டு. அதற்கு வயிற்றுப்புறமும் முதுகுப்புறமும் உண்டு. ஓர் இறகின் வயிறு அடுத்த இறகின் முதுகை நோக்குமாறு ஒட்டப்பட்டால் எல்லா இறகுகளும் ஒரே திசையில் வளைந்திருக்கும். அம்பு சீராகச் சுழன்று செல்லும். அத்தகைய இறகமைப்பை 'லுஆம்' என்றனர். முறை மாறி, வயிறு வயிற்றையும் முதுகு முதுகையும் நோக்க ஒட்டப்பட்டதை 'லுஃகாப்' என்று பழித்தனர். 'லுஆம்' என்ற சொல்லின் வேர்ப்பொருள் இசைவு, பொருத்தம், ஒன்றுசேர்தல் என்பதாகும். நல்ல அம்புக்கு அரபியர் இட்ட பெயரே 'இணக்கமுடையது' என்பதுதான். இன்றும் இயற்கை இறகைப் பயன்படுத்தும் வில்லாளர்கள், ஓர் அம்புக்குரிய இறகுகள் யாவும் பறவையின் ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுக்கப்பட்டவையாக இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருக்கின்றனர். காரணமும் அதுவே.

அம்பின் மொழி நம் ஃபிக்ஹிலும் புகுந்திருக்கிறது. முஜ்தஹிதின் ஆய்வு சரியாக அமைந்தால் 'அஸாப' என்றும், தவறினால் 'அஃக்தஅ' என்றும் சொல்கிறோம். எய்த அம்பு இலக்கைத் தொடுவதற்கும் தவறுவதற்கும் அரபியர் வழங்கியவையும் இச்சொற்களே. மார்க்கத்தை விட்டு வெளியேறிச் செல்வோர் பற்றிய புகழ்பெற்ற ஹதீஸில், வேட்டைப் பிராணியைத் துளைத்து வெளியேறிய அம்பை எடுத்து, அதன் முனை, முனையைக் கட்டிய நரம்பு, தண்டு, இறகு என ஒவ்வொன்றாக நோக்கும் காட்சி விரிகிறது. எய்ததோடு வில்லாளனின் வேலை முடிவதில்லை; எய்த அம்பை எடுத்து உறுப்பு உறுப்பாக ஆராய்வது அன்றைய மக்களுக்குப் பழகிய செயல் என்பதும் இதனால் தெளிவாகிறது.

எய்தவர்கள் எழுதிய நூல்கள்

திருக்குர்ஆனின் 8ஆம் அத்தியாயம் 60ஆம் வசனத்தில் திரட்டிவைக்கப் பணிக்கப்பட்டுள்ள வலிமை என்பது எறிதலும் எய்தலுமே என்று பெருமானார் (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று மும்முறை விளக்கியதாக உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கிறார்கள். இதே உக்பா (ரலி) அவர்கள் முதுமையிலும் இரு இலக்குகளுக்கிடையே நடந்து நடந்து எய்து பழகினார்கள். இந்த வயதில் இத்தனை சிரமம் ஏன் என்று ஒருவர் வினவியபோது, எய்யக் கற்றபின் அதனைக் கைவிடுவதைக் கண்டித்த நபிமொழியையே அவர்கள் விடையாகக் கூறினார்கள். ஓர் அம்பின் காரணமாக மூவர் நற்பேறு பெறுகின்றனர் என்னும் ஹதீஸும் அவர்கள் வழியாகவே வருகிறது. நன்மையை நாடி அம்பைச் செய்தவர் ஒருவர், எய்தவர் ஒருவர், எடுத்துக் கொடுத்தவர் ஒருவர். எய்தவனை மட்டுமே வீரனாகப் போற்றுவது உலக வழக்கம். செய்தவனையும் கொடுத்தவனையும் அவனுக்குச் சமமாக நிறுத்தியது இஸ்லாமிய மரபு. அம்பு நேராகப் பறப்பதில் இம்மூவரின் பங்கும் உண்டு என்னும் நடைமுறை உண்மைக்கு இது முற்றிலும் பொருந்துகிறது.

இந்த ஊக்கத்தின் விளைவாக வில்வித்தை முஸ்லிம் உலகில் ஒரு நூற்கலையாகவே வளர்ந்தது. அபூ ஹாஷிம், தாஹிர் அல்பல்கீ, இஸ்ஹாக் ஆகிய மூவரை முப்பெரும் ஆசான்களாகப் பிற்கால நூல்கள் ஏற்றுப் போற்றுகின்றன. அவர்களுடைய முறைகளைத் தொகுத்தவர்களில் குறிப்பிடத்தக்கவர் 'அல்வாளிஹ்' என்னும் நூலின் ஆசிரியர் அப்துர் ரஹ்மான் அத்தபரீ. ஹிஜ்ரி 751இல் (கி.பி. 1350) மறைந்த இப்னுல் கைய்யிம் அல்ஜவ்ஸிய்யா (ரஹ்) அவர்களும் 'அல்ஃபுரூஸிய்யா' என்னும் தம் நூலில் இக்கலையை விரிவாகப் பேசுகிறார்கள். அதே நூற்றாண்டில், மம்லூக் சுல்தான் அஷ்ரஃப் ஷஃபானின் காலத்தில் வாழ்ந்த தைபுஃகா என்பவர், எய்தலைக் கற்கும் மாணவர்களுக்காக 'ஃகுன்யத்துத் துல்லாப்' என்னும் நூலை இயற்றினார். லேதம் என்ற அரபு அறிஞரும், வில்லாளரும் கடற்படை அதிகாரியுமான பேட்டர்ஸனும் இணைந்து இதனை ஆங்கிலத்தில் பெயர்த்து 1970இல் வெளியிட்டனர்.

இந்நூல்களைப் படிக்கும் மத்ரஸா மாணவனுக்கு அவற்றின் அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ஃபிக்ஹ் நூல்களைப் போலவே இவையும் எய்தலை 'உஸூல்' என்னும் அடிப்படைகளாகவும் 'ஃபுரூஃ' என்னும் கிளைகளாகவும் பகுக்கின்றன. வில்லைப் பிடித்தல், அம்பை நாணில் பொருத்தல், பெருவிரலால் நாணைப் பூட்டுதல், இழுத்தல், குறி பார்த்தல், விடுதல் என ஒவ்வொன்றுக்கும் ஆசான்களின் கருத்துகள், வேறுபாடுகள், காரணங்கள் ஆகியன வரிசையாகத் தரப்படுகின்றன. மூன்று ஆசான்களின் உடலமைப்பும் வேறு வேறாக இருந்ததையும், அவரவர் முறை அவரவர் உடலுக்கேற்ப அமைந்ததையும் பிற்கால ஆசிரியர்கள் கவனித்துச் சொல்கின்றனர். ஆகவே மாணவன் தன் உடலை அறிந்து தனக்குரிய முறையைத் தேர வேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவு என்பது இக்கலையில் இல்லை.

அவர்கள் கையாண்ட வில்லும் எளிய மூங்கில் வில்லன்று. நடுவே மரம், எய்பவனை நோக்கிய உட்புறத்தில் கொம்பு, இலக்கை நோக்கிய வெளிப்புறத்தில் விலங்கின் தசைநார், இவற்றைப் பிணைக்கப் பசை என்று பல பொருள்களால் ஆன கூட்டுவில் அது. கொம்பு அழுத்தத்தைத் தாங்கும். தசைநார் இழுவிசையைத் தாங்கும். அதனால் வில் குட்டையாக இருந்தும் பேராற்றலைச் சேமிக்க முடிந்தது. குதிரைமேல் அமர்ந்து எய்வோருக்கு அதுவே தேவை. ஆயினும் இத்தகைய வில்லின் இரு கரங்களும் ஒரே வலிமையோடு வளையுமாறு செய்வது பெரும் கலை. கொம்பைச் சுரண்டியும், சூடுகாட்டித் திருத்தியும் வில்லின் சமநிலையைப் பேணினர். வில்லைச் செதுக்கத் தெரிந்தவனிடமே அதனைக் கொடு என்னும் அரபுப் பழமொழி இந்தத் தொழிலறிவை மதித்துப் பிறந்ததாகும்.

நம் வினாவுக்கு நேரடியாக விடை தருவது இன்னொரு நூல். கி.பி. 1500 அளவில் மஃக்ரிபைச் சேர்ந்த, பெயர் தெரியாத ஆசிரியர் ஒருவர் எழுதிய அரபுச் சுவடி அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தொகுப்பில் உள்ளது. பறக்கும் அம்பு ஏன் தள்ளாடுகிறது என்பதை அந்நூல் தனியே எடுத்து ஆராய்கிறது. இவ்வகை நூல்களில் குற்றம் ஒரு பொருளின்மேல் மட்டும் சுமத்தப்படுவதில்லை. வில், நாண், அம்பு, எய்பவன் என நான்கிடத்தும் காரணம் தேடப்படுகிறது. வில்லின் வலிமைக்கு ஏற்ற எடையுள்ள அம்பைத் தேர்ந்தானா? நாண் வில்லுக்குப் பொருந்துகிறதா? அம்பை நாணின் உரிய இடத்தில் பொருத்தினானா? இறகு சீராக ஒட்டப்பட்டுள்ளதா? பிடித்த கை திருகுகிறதா? விட்ட கை தயங்கியதா? மருத்துவர் நோயாளியை வினவுவது போன்ற வினாக்கள் இவை.

அம்பு வளைந்தே செல்கிறது

அந்தச் சுவடி 1945இல் ஆங்கிலத்தில் வெளியான கதை சுவையானது. மொழிபெயர்த்தவர்கள் இருவர். ஒருவர் நாஸரேத்தில் பிறந்த அரபு அறிஞர் நபீஹ் அமீன் ஃபாரிஸ். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களின் 'இஹ்யா'விலிருந்து அறிவு பற்றிய பகுதியை ஆங்கிலத்துக்குத் தந்தவர் என்ற வகையில் நம்முள் சிலர் அவரை அறிந்திருக்கலாம். மற்றவர் ராபர்ட் எல்மர் என்னும் அமெரிக்க மருத்துவர், தேர்ந்த வில்லாளர். மொழி அறிந்தவருக்கு எய்தல் தெரியாது. எய்தல் அறிந்தவருக்கு மொழி தெரியாது. இருவரும் சேர்ந்ததால்தான் நூல் பொருள் விளங்கும்படி வெளிவந்தது. லேதமும் பேட்டர்ஸனும் பின்னர் இணைந்ததும் இதே முறையில்தான்.

இந்த எல்மரின் காலத்து வில்லாளர்களிடையே சூடாக விவாதிக்கப்பட்டு வந்தது ஒரு புதிர். பழைய வில்லில் அம்பு வில்பிடியின் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கிறது. நாணோ விடுபட்டதும் வில்லின் நடுக்கோட்டை நோக்கி விரைகிறது. அப்படியானால் அம்பின் வால் நடுக்கோட்டுக்கு வர வர, அதன் தலை பக்கவாட்டில் மேலும் மேலும் விலகியாக வேண்டும். அம்பு இலக்கை விட்டு ஒதுங்கியே செல்ல வேண்டும். ஆனால் நன்கு பொருந்திய அம்பு இலக்கையே சென்று தைக்கிறது. இது எப்படி? 'வில்லாளரின் முரண்புதிர்' என்று இதற்குப் பெயர்.

1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்னும் அமெரிக்க இயற்பியலாளர் அதிவேக ஒளிப்படங்களைக் கொண்டு அம்பின் இயக்கத்தை ஆராய்ந்தார். கண்ணால் காண முடியாத அந்தக் கணத்தில் நிகழ்வது படத்தில் தெரிந்தது. நாண் விடுபட்டதும் பின்னாலிருந்து வரும் பெருவிசையைத் தாங்காமல் அம்பு வளைகிறது. முதலில் ஒரு பக்கம் வளைந்து, பின் நிமிர்ந்து, மறுபக்கம் வளைந்து, வில்பிடியை உரசாமல் அதனைச் சுற்றிக்கொண்டு பாம்பைப் போல வெளியேறுகிறது. அதன்பின் வளைவு சிறிது சிறிதாக அடங்க, இறகுகள் வாலைப் பிடித்து நிறுத்த, அம்பு தன் நேரை அடைகிறது. வளையவே வளையாத அம்பு வில்லில் மோதி ஒதுங்கும். அளவுக்கு மீறி வளையும் அம்பும் வழி தவறும். வில்லின் விசைக்கு ஏற்ற அளவில் வளைந்து, உரிய நேரத்தில் நிமிரும் அம்பே நேராகச் செல்லும்.

எடையைப் பார்த்தும், கையால் வளைத்துப் பார்த்தும், எய்து பார்த்தும் அம்பைத் தேர்ந்த நம் முன்னோர் செய்தது இந்தப் பொருத்தத்தைத்தான். நெடுந்தூரம் எய்வதற்கென்று உஸ்மானியத் துருக்கியர் செய்த அம்புகள் நடுவில் பருத்தும் இரு முனைகளிலும் ஒடுங்கியும் இருக்கும். வளைவு மிகுதியாகும் இடத்தில் வலுவை வைத்து, தேவையற்ற இடத்தில் எடையைக் குறைக்கும் உத்தி அது.

உருளை பூட்டிய வில்

இன்று விளையாட்டுக் களங்களில் காணும் காம்பவுண்ட் வில், மேலே சொன்ன கொம்பும் நாரும் கொண்ட கூட்டுவில்லிலிருந்து முற்றிலும் வேறானது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலிஸ் வில்பர் ஆலன் என்பவர் 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969இல் பெற்ற கண்டுபிடிப்பு அது. வில்லின் இரு முனைகளிலும் மையம் விலகிய உருளைகளைப் பூட்டி, நாணோடு கம்பிவடங்களையும் இணைத்தார். பழைய வில்லில் இழுக்க இழுக்கச் சுமை கூடிக்கொண்டே போகும். இதிலோ ஒரு கட்டத்தில் உச்சத்தை எட்டிய சுமை, உருளைகள் திரும்பியதும் சட்டெனக் குறைகிறது. முழுதும் இழுத்த நிலையில் உச்சச் சுமையில் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே கை தாங்கும் வில்கள் இன்று சாதாரணம். அதனால் பதறாமல் நின்று குறி பார்க்க முடிகிறது. 2023இல் ஹாங்ஜோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இவ்வகை வில்லுக்குரிய ஐந்து தங்கப் பதக்கங்களையும் இந்தியா வென்றது.

இந்த வில்லின் நடுச்சட்டத்தில் அம்புக்கு இடம் விட்டு வெட்டப்பட்டிருப்பதால், அம்பு ஏறக்குறைய நாணின் நேர்க்கோட்டிலேயே நிற்கிறது. விரலுக்குப் பதிலாகச் சிறு விடுகருவி நாணை விடுவதால் பக்கவாட்டு உதறலும் குறைகிறது. ஆகவே பழைய புதிர் இதில் பெரிதும் தணிந்துவிட்டது. ஆயினும் அம்பு தானாக நேராகிவிடவில்லை. தள்ளாட்டத்தின் காரணங்கள் இடம் மாறின, மறையவில்லை.

அம்பின் விறைப்பை இன்று எண்ணால் குறிக்கின்றனர். 28 அங்குல இடைவெளியில் தாங்கப்பட்ட தண்டின் நடுவில் 1.94 பவுண்டு, அதாவது சுமார் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டு, அது எத்தனை அங்குலம் தொய்கிறது என்று அளக்கின்றனர். அரை அங்குலம் தொய்ந்தால் அதன் எண் 500. அதனினும் விறைப்பானது 400 அல்லது 340. வில்லின் விசை, தண்டின் நீளம், முனையின் எடை மூன்றையும் பார்த்து எண்ணைத் தேர வேண்டும். முனை கனத்தால் அம்பு மிகுதியாக வளையும். தண்டைக் குறுக்கினால் விறைக்கும்.

பின்பு வில்லைச் சீரமைக்கும் வேலை தொடங்குகிறது. மேல் உருளையும் கீழ் உருளையும் ஒரே கணத்தில் தம் எல்லையை அடைகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று முந்தினால் நாண் மேலும் கீழுமாக அசைந்து அம்பின் வாலைத் தூக்கும் அல்லது தாழ்த்தும். அரபு அகராதிகளின் சொல்லில் கூறினால், 'யத்'தும் 'ரிஜ்'லும் இசையவில்லை என்று பொருள். நாணில் அம்பு பொருந்தும் இடத்தின் உயரத்தையும், அம்புதாங்கியின் பக்கநிலையையும் அடுத்து வரையறுக்க வேண்டும்.

அதன்பின் தாள் சோதனை. ஒரு சட்டத்தில் தாளை விறைப்பாகக் கட்டி, ஆறு அல்லது ஏழு அடி தூரத்தில் நின்று அதனூடே எய்கின்றனர். அம்பு நேராகச் சென்றால் தாளில் வட்டமான ஒரே துளையும் அதைச் சூழ இறகுகளின் கீற்றுகளும் தெரியும். வால் உயர்ந்து சென்றால் கிழிசல் மேல்நோக்கி நீளும். நாணில் பொருத்தும் இடம் உயர்ந்துவிட்டது அல்லது அம்புதாங்கி தாழ்ந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். வால் தாழ்ந்தால் இதற்கு மாறாகக் கொள்ள வேண்டும். கிழிசல் பக்கவாட்டில் நீண்டால் காரணங்கள் பல: அம்புதாங்கி நடுவில் இல்லை, தண்டின் விறைப்பு பொருந்தவில்லை, உருளை சாய்ந்திருக்கிறது, அல்லது வில்பிடித்த கை பிடியைத் திருகுகிறது. அடுத்த நிலையில் இறகில்லாத வெறும் அம்பையும் இறகுள்ள அம்பையும் இருபது மீட்டர் அளவுக்கு எய்து ஒப்பிடுகின்றனர். இறகு தன் அம்பின் பிழையை மறைத்துத் திருத்திவிடும். வெறும் அம்போ பிழையை மறைக்காது. இரண்டும் ஒரே இடத்தில் தைத்தால் சீரமைப்பு நிறைவுற்றது.

இந்த வேலைக்குச் சில ஒழுங்குகள் உண்டு. ஒரு வேளைக்கு ஒன்றையே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் பயன் விளைந்தது என்று தெரியாது. மாற்றியதைக் குறித்துவைக்க வேண்டும். ஒரு கிழிசலைக் கொண்டு முடிவு செய்யாமல், பல முறை எய்தும் அதே குறை வருகிறதா என்று பார்க்க வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, கருவியைத் தொடுமுன் எய்பவன் தன் கையைச் சோதிக்க வேண்டும். கை திருகுவதால் பிறந்த குறைக்காக அம்புதாங்கியை நகர்த்துகிறவன், பிழையின்மேல் பிழையை அடுக்குகிறான். அவன் பிடி ஒரு நாள் மாறியதும் அந்தச் சீரமைப்பு முழுதும் குலைந்துபோகும். வில், நாண், அம்பு, எய்பவன் என்று நான்கிடத்தும் காரணம் தேடிய பழைய ஆசான்களின் முறையும் இதுவே.

பெருமையும் நீதியும்

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. முன்னோரின் நூல்களில் ஒரு செய்தி ஒத்திருப்பதைக் கண்டதும், இன்றைய அறிவியல் முழுவதும் நம்மிடமிருந்தே எடுக்கப்பட்டது என்று மேடையில் முழங்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. வில்வித்தையின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. தைபுஃகா காம்பவுண்ட் வில்லைக் கனவிலும் கண்டவரல்லர். அம்பு பாம்பென வளைவதைப் படமெடுத்துக் காட்டியவர் மஃக்ரிபின் ஆசிரியரல்லர். அதேபோல, பழையவர்கள் வெறும் கைப்பழக்கத்தால் எய்தார்களேயன்றிக் காரணம் அறியார் என்று ஒதுக்குவதும் உண்மையன்று. தள்ளாட்டத்துக்குக் காரணங்களை வகுத்து, ஒவ்வொன்றையும் பிரித்து, உரிய மாற்றைச் சொன்ன நூல்கள் நம்மிடம் இருந்தன. அவற்றை நாம் அச்சிட்டுப் படிக்காமல் இருந்தபோது, ஒரு மருத்துவரும் ஓர் அரபு அறிஞரும் பிரின்ஸ்டனில் அமர்ந்து படித்தார்கள்.

செய்தவர், எய்தவர், எடுத்துக் கொடுத்தவர் என மூவருக்கும் பங்கு வைத்த ஹதீஸ் இங்கும் நமக்கு வழிகாட்டுகிறது. அம்பைப் பற்றிய அறிவிலும் பலருக்குப் பங்குண்டு. அரபு அகராதியாசிரியர்கள், மம்லூக் வீரர்கள், துருக்கியத் தச்சர்கள், அமெரிக்க இயற்பியலாளர், மிசௌரியின் கைவினைஞர் என அனைவருக்கும் உரிய பங்கை உரியவருக்குக் கொடுப்பதே நீதி. தனக்குரியதைக் காட்டிலும் கூடுதலாகக் கேட்பதும் இலக்குத் தவறிய அம்புதான்.

அந்த மாணவருக்கு இன்று விடை சொல்வதானால் இவ்வாறு சொல்வேன்: அம்பு எப்போதும் நேராக இருப்பதில்லை, தம்பி. அது வெட்டப்படும்போது வளைந்திருந்தது. ஒருவர் அதனைச் சூடாக்கி நிமிர்த்தினார். விடப்படும்போது மீண்டும் வளைந்தது. வில்லோடும் நாணோடும் இறகோடும் கையோடும் கொண்ட பொருத்தத்தால் தன் நேருக்கு மீண்டது. ஸதாத்தைக் கேட்பவன், ஒருபோதும் வளையாத விறைப்பைக் கேட்கவில்லை. தன்மேல் விழும் விசையைத் தாங்கி, வளைந்தபின்னும் இலக்குக்குத் திரும்பும் பொருத்தத்தைக் கேட்கிறான். அதைக் கேட்பவன் முதலில் தன் கையைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

நுஃமான் (ரலி) அவர்களின் அறிவிப்பு மேற்கொண்டு ஒரு நாளைப் பற்றியும் சொல்கிறது. ஸஹாபாக்கள் வரிசையைச் சீராக்கக் கற்றுக்கொண்ட பின்னர், பெருமானார் (ஸல்) அவர்கள் தக்பீர் சொல்லப் போகும் வேளையில், ஒருவருடைய மார்பு மட்டும் வரிசையை விட்டு முன்னே நீண்டிருப்பதைக் கண்டார்கள். உடனே, வரிசைகளைச் சீராக்காவிட்டால் உங்கள் முகங்களுக்கிடையே அல்லாஹ் வேற்றுமையை உண்டாக்கிவிடுவான் என்று எச்சரித்தார்கள். அத்தனை பேர் நேராக நின்றிருந்தும் ஒருவரின் விலகல் கவனிக்கப்பட்டது. அடுத்த முறை இமாம் திரும்பி நின்று ஸஃப்பைச் சரிசெய்யச் சொல்லும்போது, அருகிலிருப்பவரின் காலை நோக்குமுன் நம் காலை ஒருமுறை நோக்கிக்கொள்வோமாக. வல்லாஹு அஃலம்.